மீண்டு வந்தவர்களின் முதுமை

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சின்ன வயதில் பெரியப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனால், அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி எனக்குக் கழித்தல் கணக்கு வைப்பார். 277-இல் 14 போனால் 263. "சரி, அந்த 263 பேரு இன்னா ஆனாங்கன்னு எங்கனா எழுதியிருக்குதா பாரு" என்பார். நானும் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பேன். எழுதியிருக்காது.

பெரியப்பா பீரங்கிப் படையில் ஹவில்தாராக இருந்தவர். 1971 போரில் மேற்கு எல்லையில் ஷகர்கட் பக்கம் நின்றவர். முப்பத்தாறு வயதில் பென்ஷனோடு ஊர் திரும்பினார். பிறகு ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபது வருஷம் காவல் வேலை பார்த்தார். எழுபத்திரண்டாம் வயதில் அவருக்கு நினைவு கலங்கத் தொடங்கியது. அதன்பின் மூன்று வருஷம் பாலிகிளினிக், ரெஃபரல், மருத்துவமனை என்று அவரையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு அலைந்தேன். அப்போதுதான் அந்த மணிக்கூண்டுக் கணக்கின் கனம் எனக்கு உறைத்தது. போரிலிருந்து மீண்டு வந்தவர்களின் பிற்கால உடல்நலத்தையும் மனநலத்தையும் நாம் எப்படிப் பார்த்துக்கொள்கிறோம்? சட்டம் என்ன சொல்கிறது, மருத்துவம் என்ன அறிந்திருக்கிறது, வீட்டில் என்ன நடக்கிறது? மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முயற்சி இது.

ஒன்றை முதலில் தெளிவாக்கிவிட வேண்டும். "முன்னாள் படைவீரர்" என்றதும் நரைத்த மீசையும் பதக்கங்களும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் நம் நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 பேர் படையிலிருந்து விடுபடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்கள். பதினெட்டு வயதில் சேர்ந்த சிப்பாய், மற்ற வேலைகளில் ஆட்கள் பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் வயதில் டிஸ்சார்ஜ் புக்கோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அதற்கு மேல் நாற்பது வருஷ வாழ்க்கை பாக்கி. பட்டாளத்தில் இருந்த காலத்தைவிட இரு மடங்கு நீளமான அந்தக் காலத்தில்தான் பட்டாளம் கொடுத்த நோய்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

வயதுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1971-இல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபதின் நடுவில் இருக்கிறார். 1984 ஏப்ரலில் தொடங்கிய சியாச்சின் நடவடிக்கையில் முதலில் ஏறியவர்களும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் நின்ற அமைதிப் படையினரும் அறுபதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். 1999 கார்கில் போரின் இளைஞர்கள் ஐம்பதைத் தொடுகிறார்கள். ஆக, அடுத்த இருபது ஆண்டுகளில் சுதந்திர இந்தியாவின் பெரிய போர்கள் எல்லாமே முதியோர் மருத்துவத்தின் விஷயமாகிவிடும். தமிழ்நாட்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். வேலூருக்குப் பக்கத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் என்பார்கள். அந்த ஊருக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது.

பாலிகிளினிக் வாசலில்

2003 ஏப்ரல் 1-க்கு முன்னால் ஓய்வுபெற்ற சிப்பாய்க்கென்று முறையான மருத்துவத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. ராணுவ மருத்துவமனை பக்கத்தில் இருந்தால், இடமும் இருந்தால், பார்ப்பார்கள். இல்லையென்றால் பென்ஷனோடு சேர்ந்து வரும் சொற்ப மருத்துவப் படிதான். அன்று தொடங்கிய ஈசிஎச்எஸ் என்ற பங்களிப்பு மருத்துவத் திட்டம், குறைகள் எத்தனை இருந்தாலும், ஒரு பெரிய சாதனை. ஒருமுறை சந்தா கட்டினால் வீரருக்கும் மனைவிக்கும் சார்ந்திருப்போருக்கும் ஆயுள் முழுக்க மருத்துவம். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தச் சந்தாவும் இல்லை. நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகள். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய முதியவர்களையும் 2019-இல் இதற்குள் கொண்டுவந்தார்கள். மிகத் தாமதம்தான். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திட்டம் நடக்கும் விதம் எளியது. முதலில் பாலிகிளினிக். அங்கே இல்லாத சிகிச்சைக்கு ரெஃபரல் எழுதிக் கொடுப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு எம்பேனல் ஆன தனியார் மருத்துவமனைக்குப் போனால் பணம் கட்டாமல் சிகிச்சை. மருத்துவமனை பில்லை அரசுக்கு அனுப்பி வாங்கிக்கொள்ளும். சிக்கல் இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. பில் பாக்கி மாதக்கணக்கில் தேங்கும்போது மருத்துவமனைகள் கட்டில் இல்லை என்கின்றன, அல்லது முன்பணம் கேட்கின்றன. மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்தின் கட்டணப் பட்டியல்தான் இதற்கும் அளவுகோல். 2014-இல் வகுத்த அந்தப் பட்டியல் பெருமளவு மாறாமலே ஓடி, 2025 அக்டோபரில்தான் விரிவாகத் திருத்தப்பட்டது. அதுவரை பழைய விலையில் புதிய சிகிச்சையைக் கேட்டபோதெல்லாம் வாசலில் நின்றவர் நோயாளிதான். மருந்துத் தட்டுப்பாட்டையும் பில் தாமதத்தையும் கணக்குத் தணிக்கைத் துறை 2015-லேயே சுட்டிக்காட்டியது.

பாலிகிளினிக்கின் மருத்துவர்களும் ஊழியர்களும் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்கள். பலர் மனதார உழைப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் வரிசையின் நீளம் அவர்களை மருந்துச் சீட்டு எழுதும் கையாக மாற்றிவிடுகிறது. சர்க்கரைக்கு ஒரு மாத மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத மாத்திரை, அடுத்தவர். நாங்கள் போய்வந்த மூன்று வருஷத்தில் பெரியப்பாவிடம் யாரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: நீங்கள் எங்கே, என்ன வேலை பார்த்தீர்கள்? அவர் பீரங்கிக்காரர் என்பது அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை. முன்னாள் படைவீரருக்காகவே நடக்கும் கிளினிக்கில், அவர் படைவீரராக இருந்த காலம் கார்டின் நிறத்தோடு முடிந்துவிட்டது.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? பீரங்கியின் பக்கத்தில் வருஷக்கணக்கில் நின்றவரின் காது போயிருக்கும். பெரியப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே ஒரு பக்கம் கேட்காது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வீட்டில் எல்லோரும் அவரிடம் கத்திப் பேசினோம், பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டோம். டிமென்ஷியா என்ற நினைவிழப்பு நோயைத் தடுக்க உதவக்கூடிய காரணிகள் என்று லான்செட் ஆணையம் 2024-இல் 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் மிகப் பெரிய பங்கு உள்ளவற்றில் ஒன்று காது கேளாமை. தலைக்காயம், மனச்சோர்வு, அதிக மது, புகை, ரத்த அழுத்தம், தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு பழைய பட்டாளத்தானின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு எழுதிய பட்டியல் போலவே எனக்குத் தோன்றியது. இந்தியாவில் அறுபதைத் தாண்டியவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் முன்னாள் படைவீரர் எத்தனை பேர் என்று அதில் பிரித்துக் காட்டவில்லை.

பனிமலையில் நின்றவர்களுக்கு வேறு கதை. உயரத்தில் ரத்தம் தடிக்கும், உறைந்து கட்டியாகும், பனிக்கடியில் விரல்கள் போகும். கண்ணிவெடியில் கால் போனவர்கள் உண்டு. முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தவர்கள் உண்டு. இந்த வகைக் காயங்களுக்கு நாடு நல்ல நிறுவனங்களைக் கட்டியிருக்கிறது. புனேயின் செயற்கை உறுப்பு மையம் 1944 முதல் இயங்குகிறது. கட்கியில் முதுகெலும்பு பாதித்தோருக்கான மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடந்த பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார். கண்ணுக்குத் தெரிகிற காயத்தை மதிக்க நமக்குத் தெரியும். விழுப்புண் என்று அதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறோம்.

ஷேப் ஒன்

மனசுக்கு வருவோம். பட்டாளத்தில் ஒருவரின் மருத்துவத் தகுதியைக் குறிக்க 'ஷேப்' என்று ஒரு சொல் உண்டு. மனநிலை, காது, கைகால், பொது உடல்நலம், கண் ஆகிய ஐந்தையும் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் சேர்ந்தது அது. ஐந்திலும் குறையில்லை என்றால் ஷேப் ஒன். முதல் எழுத்தே மனநிலைக்குத்தான். அந்த எழுத்தில் ஒரு புள்ளி இறங்கினாலும் பதவி உயர்வு போகும், பணி நீட்டிப்பு போகும், கையில் ஆயுதம் கொடுக்க யோசிப்பார்கள். அதனால் சிப்பாய் முதலில் கற்றுக்கொள்ளும் பாடங்களில் ஒன்று, மனசில் இருப்பதை வெளியே காட்டாமல் இருப்பது. பதினெட்டு வருஷம் பழகிய பழக்கம் பென்ஷன் ஆன மறுநாள் போய்விடுமா? எழுபது வயதில் அவரிடம் "மனசு சரியா இருக்கா?" என்று மருத்துவர் கேட்டால் முதுகை நிமிர்த்தி "ஷேப் ஒன் சார்" என்றுதான் பதில் வரும். பெரியப்பா அப்படியே சொன்னார். மருத்துவரும் சிரித்துக்கொண்டே அடுத்த சீட்டை எடுத்தார்.

வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரிந்த பெரியப்பா வேறு. கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ குடும்பத்தோடு போய்த் திரும்பினால், வாசலில் நின்று எல்லோரையும் எண்ணித்தான் கதவைத் தாழ்போடுவார். வாசலில் நின்று யாராவது டார்ச் அடித்தால் அப்படியொரு கோபம் வரும். செருப்பைக் கட்டிலுக்கு அடியில், கால் வைத்தால் மாட்டிக்கொள்ளும் மாதிரி, முனை வெளியே பார்க்க வைத்துவிட்டுத்தான் படுப்பார். இதையெல்லாம் நாங்கள் மிலிட்டரி ஒழுங்கு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போர் மனசில் விட்டுப்போகும் இந்தக் காயத்துக்கு மருத்துவம் பெயர் வைத்ததே அண்மையில்தான். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லான்செட் இதழில் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். குண்டுச் சத்தம் நரம்பைக் குலைத்ததாக முதலில் நினைத்தார்கள், பிறகு கோழைத்தனம் என்றார்கள். வியட்நாம் போருக்குப் பிறகு 1980-இல்தான் பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல்) என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் அது நோயாக ஏறியது. போர் முடிந்து நாற்பது ஆண்டு கழித்தும் ஏறத்தாழ 2,71,000 வியட்நாம் வீரர்கள் அந்த நோயோடு வாழ்வதாக 2015-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 55 வயதைக் கடந்த 1,81,000 முன்னாள் படைவீரர்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வு, பிடிஎஸ்டி உள்ளவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டது.

இன்னொரு கண்டுபிடிப்பு முதுமையோடு நேரடியாகச் சேர்ந்தது. பாஸ்டனில் முன்னாள் படைவீரர்களைப் பார்த்துவந்த உளவியலாளர்கள், வாழ்நாள் முழுக்க நன்றாக இருந்த சிலருக்கு வேலை ஓய்ந்த பிறகு, மனைவி இறந்த பிறகு, உடம்பு தளர்ந்த பிறகு போர் நினைவுகள் புதிதாகக் கிளம்புவதைக் கவனித்தார்கள். நடுவயதில் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் கடனும் மனசை நிரப்பி வைத்திருக்கும். அவை வடிந்ததும் அடியில் கிடந்தது தெரிகிறது. ஏரி வற்றினால் பழைய மதகு தெரிவதைப் போல. இதைப் படித்தபோது, காவல் வேலையை விட்ட வருஷத்திலிருந்துதான் பெரியப்பாவுக்குத் தூக்கம் போனது என்று பெரியம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

தமிழ் வீரர்களின் விஷயத்தில் பேசாமல் விடக்கூடாத ஒன்று இலங்கை. 1987 முதல் 1990 வரை அங்கே நின்ற அமைதிப் படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட்டின் தமிழ் பேசும் சிப்பாய்களும் அங்கே இருந்தார்கள். 1987 அக்டோபர் 21-இல் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இந்தியப் படையின் துப்பாக்கிக்குப் பலியானதை யாழ்ப்பாணம் மறக்கவில்லை, மறக்க வேண்டும் என்று கேட்கும் தகுதியும் நமக்கு இல்லை. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படைக்கு வரவேற்பு கிடையாது என்பது அவர் நிலை. அரசியலில் அதற்கு நியாயம் இருக்கலாம். ஆனால் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து போன இருபத்திரண்டு வயதுத் தமிழ்ச் சிப்பாய், தன் மொழியிலேயே அழுகுரல் கேட்டுவிட்டு, ஊர் திரும்பி, எதையும் யாரிடமும் சொல்ல முடியாமல் முப்பத்தைந்து வருஷம் இருந்திருக்கிறார். தான் சரியென்று நம்பியதற்கு எதிரானதைச் செய்ய நேர்ந்தவரின் காயத்தை, அமெரிக்க மனநல மருத்துவர் ஜொனதன் ஷே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லால், 'அறக்காயம்' என்கிறார்கள். பயத்தால் வருவதற்கும் குற்ற உணர்வால் வருவதற்கும் சிகிச்சை ஒன்றல்ல. யாழ் மக்களின் துயரத்தையும் இந்த முதியவர்களின் துயரத்தையும் ஒரே மனசில் வைத்துக்கொள்ள நம்மால் முடிய வேண்டும்.

பேசாத மனசுக்குக் கிடைத்த மருந்து கேன்டீன் ரம். இதை எழுதினால் பல வீடுகளில் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன். மலிவு விலையில் மாதக் கோட்டா, அதைச் சுற்றி ஒரு கௌரவம், விருந்தினருக்கு மிலிட்டரி சரக்கு என்ற பெருமை. தூக்கம் வராதவர் இரண்டு பெக்கில் தூங்குகிறார். பத்து வருஷத்தில் இரண்டு நான்காகிறது. பிறகு ஈரலும் நினைவும் சேர்ந்து கெடுகின்றன. ஓய்வுபெற்றவர்களுக்கான சலுகையாக மதுவை முறையாகக் கொண்டுசேர்க்கிற அமைப்பு, அதே முறையோடு மதுமீட்புச் சிகிச்சையையும் கொண்டுசேர்க்க வேண்டும். கோட்டா வாங்கும் கார்டுக்குப் பின்னால் ஒரு மருத்துவப் பரிசோதனை இருக்கட்டும் என்று கேட்பது சலுகையைப் பறிப்பதாகாது.

டிஸ்சார்ஜ் நாளின் கணக்கு

நம் சட்டம் ஒரு நாளில் நின்றுவிடுகிறது. அது டிஸ்சார்ஜ் நாள். அன்று மருத்துவ வாரியம் உட்கார்ந்து, வீரரின் நோய் பணியால் வந்ததா அல்லது பணியால் மோசமானதா, எத்தனை விழுக்காடு என்று எழுதும். 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடையாது. விடுபட்ட பிறகு குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் தலைகாட்டும் நோய்க்கு விதிகளில் ஒரு சிறு கதவு உண்டு. முப்பது, நாற்பது ஆண்டு கழித்து வருவதற்கு அந்தக் கதவும் இல்லை. மனநோய் என்றால் இன்னும் கஷ்டம். பிறவிக்கூறு என்று ஒரே சொல்லில் முடித்து, பணிக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிய வாரியங்கள் ஏராளம்.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதில் தெளிவான கோடு போட்டது. சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் நோய் என்று எதுவும் இல்லையென்றால், ஆள் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய் பணியால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. அதே மாதத்தில், மனச்சிதைவு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கிலும், காரணம் சொல்லாத மருத்துவ வாரியத்தின் முடிவை ஏற்காமல் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஆனாலும் அரசு ஒவ்வொரு வழக்காக மேல்முறையீடு செய்துகொண்டே இருந்தது. 2015-இல் பாதுகாப்பு அமைச்சகமே அமைத்த வல்லுநர் குழு, காயம்பட்ட வீரர்களோடு இப்படி வழக்காடுவதைக் கண்டித்தது. 2009 முதல் இயங்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில், சென்னைக் கிளை உட்பட, இந்த வகை வழக்குகளுக்கு இன்றும் குறைவில்லை. 2023-இல் வந்த புதிய தகுதி விதிகள் தவறாகப் பயன்படுத்துவோரைத் தடுக்கவே என்றது அரசு. உண்மையான நோயாளியின் சுமையைக் கூட்டிவிட்டதாக முன்னாள் படைவீரர்கள் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவது வாதமே சரியென்று படுகிறது. நாலு பேர் ஏமாற்றுகிறார்கள் என்பதற்காக நாற்பது பேரைச் சந்தேகிக்கும் விதி நல்ல விதியல்ல.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி தீர்த்தார்கள், அதுவும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. வியட்நாம் காடுகளில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சு, அங்கே நின்ற சொந்தச் சிப்பாய்களையும் தாக்கியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரூபிக்கச் சொன்னால் ஆயுள் போதாது. 1991-இல் வந்த சட்டம், வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ளப்படும் என்றது. பிறகு சர்க்கரை நோயும் பார்க்கின்சனும் பட்டியலில் ஏறின. 2022-இன் பேக்ட் சட்டத்தோடு உயர் ரத்த அழுத்தமும் சேர்ந்தது. போர் முடிந்து 47 ஆண்டு கழித்தும் கதவு திறந்திருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவைப் போல் தனி மருத்துவமனைத் தொடரை நடத்த நம்மிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். சியாச்சினில் நின்றவருக்கு இன்னின்ன நோய், பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது என்று இரண்டு பக்கப் பட்டியல் போட எவ்வளவு பணம் ஆகிவிடும்?

தற்கொலை எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியா ஒரு அரச ஆணையம் வைத்து விசாரித்தது. 1997-க்கும் 2021-க்கும் இடையில் பணியில் இருந்தவர்களும் விடுபட்டவர்களுமாகக் குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்தார்கள் என்று 2024-இல் அறிக்கை தந்தது. அமெரிக்கா ஆண்டுதோறும் எண்ணுகிறது. 2022-இல் 6,407. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் முன்னாள் படைவீரருக்குத் தனிக் கட்டம் இல்லை. ஓய்வுபெற்றோர் என்ற பொதுத் தலைப்பில் எல்லோரும் கரைந்துபோகிறார்கள். டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறோம். செங்கம் வட்டாரத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. மாண்டவரை எண்ணிக் கல் நடுவதில் நாம் ஒருநாளும் குறை வைத்ததில்லை. மீண்டவரைத்தான் எண்ணாமல் விட்டோம்.

பெரியம்மாவின் இரவுகள்

பெரியப்பாவின் கடைசி வருஷத்தில் ஒருநாள் பெரியம்மா தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "ராத்திரியில இந்தியில பேசறாருடா. இன்னான்னு கேக்கிறாரு, எனக்கு ஒண்ணும் புரியல. பதில் சொல்லலன்னா கோபம் வருது." டிமென்ஷியாவில் அண்மை நினைவுகள் முதலில் போகும், பழையவை நிற்கும். பெரியப்பாவுக்கு நின்றது பட்டாளத்து இந்தி. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய மனைவிக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கணவன் எல்லையில் இருந்த காலமெல்லாம் தனியாக நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர், கடைசியில் பக்கத்தில் படுத்திருக்கும்போதும் அதே தொலைவில் இருந்தார்.

மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது, இரவுக் காவலில் இருந்த பீகார் இளைஞன் ஒருவன் அந்த வார்டைக் கடந்து போனான். பெரியப்பா அவனைப் பார்த்து, "பானிவாலா காடி ஆயா கியா?" என்று கேட்டார். அவன் கொஞ்சமும் யோசிக்காமல் நின்று, காலைச் சேர்த்து, "ஆ கயா சாப்" என்றான். பெரியப்பா தலையை அசைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். தண்ணீர் வண்டி வந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். அத்தனை இரவுகளும் பெரியம்மாவிடம் கேட்டது அதுதான். மறுநாளிலிருந்து பெரியம்மா அந்த இரண்டு சொல்லைக் கற்றுக்கொண்டார். தூக்க மாத்திரையைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

முன்னாள் படைவீரர் மருத்துவம் என்று பேசும்போது இந்தப் பெண்களைச் சேர்க்காத பேச்சு அரைப்பேச்சு. ஈசிஎச்எஸ் கார்டு மனைவிக்கும் உண்டு. ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என்ற முறையில் அவருக்குப் பயிற்சியோ, ஒருநாள் ஓய்வோ, ஆலோசனையோ இல்லை. ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று கொடுக்கவும் அவர்தான் கணவனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறார். தேய்ந்த விரல்ரேகை கருவியில் பதியாமல் நிற்கிற முதியவரைப் பார்க்காத இசேவை மையம் இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்களுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாலிகிளினிக் கோப்பில் ஒரு பக்கம் சேர்க்கலாம்: எந்தப் படைப்பிரிவு, எந்த இடங்கள், எந்த நடவடிக்கைகள், குண்டுச் சத்தத்துக்குப் பக்கத்திலா, தலையில் அடிபட்டதா. அறுபதைத் தாண்டியவருக்கு ஆண்டுக்கொரு முறை காதுப் பரிசோதனையும் நினைவுப் பரிசோதனையும் வைக்கலாம். மனநல மருத்துவர் நிரந்தரமாக உட்காராத இடங்களில் வாரத்தில் ஒரு நாளாவது வந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. மத்திய அரசின் கார்டு, மாநில அரசின் செவிலியர் என்று பிரிந்து நிற்பதை ஒரு கூட்டம் போட்டுச் சேர்க்க முடியும். தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ வழியாக ஆயிரக்கணக்கான முன்னாள் படைவீரர்கள் காவல் பணியில் இருக்கிறார்கள். அந்த வேலையிலிருந்து விடைபெறும் நாளில், தூக்கம் போகத் தொடங்கும் அந்த நாளில், ஒரு மனநலப் பரிசோதனை நடக்கட்டும்.

இன்னொரு கவலையையும் பதிவு செய்ய வேண்டும். 2022-இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்கு ஆண்டு முடிந்ததும் நான்கில் மூவர் வெளியே வருவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஈசிஎச்எஸ் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. சுமார் 11.7 லட்சம் ரூபாய் சேவை நிதி மட்டும் கிடைக்கும். லடாக்கில் நின்ற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு ஐம்பது வயதில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எந்த வாசலில் நிற்பான் என்பது மட்டும் இப்போதே தெரிகிறது: எந்த வாசலும் இல்லை. மருத்துவ வசதியையாவது அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், தெருவில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் இருந்தால், அவர் நன்றாகப் பேசுகிறபோதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்: எங்கே இருந்தார், என்ன பார்த்தார், யாரோடு இருந்தார், எந்த மொழியில் கனவு காண்கிறார். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்தத் தாளையும் கொண்டுபோங்கள். தூக்கம் கெட்டாலோ, குடி கூடினாலோ, உயிரை வெறுத்துப் பேசினாலோ தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை. தமிழிலேயே பேசுவார்கள்.